முன்வரிசைப் பெஞ்சு

ஞாயிற்றுக்கிழமை காலை ஆர்தர் தரையில் குந்தி உட்கார்ந்து மனைவி கத்தரீனின் வலது காலுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். வீங்கிய பாதம் உள்ளே போகவில்லை. அவள் பல்லைக் கடித்தபடி வாசலைப் பார்த்தாள். எதிர் லயத்து வீட்டுக் கரேன் வேதப்புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். கைப்பிடிக் கம்பியைத் தொடவே இல்லை. கத்தரீன் பார்வையைச் செருப்புக்குத் திருப்பிக்கொண்டாள்.

இருவருக்கும் அடிபட்டது ஒரே நாளில்தான். தேயிலைக் கொழுந்து மூட்டைகளோடு சரிவில் இறங்கிய லோரி மழையில் கவிழ்ந்தபோது இருவரும் பின்னால் இருந்தார்கள். இருவருக்கும் தொடை எலும்பு முறிந்தது. மலைக்குக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்த கட்டிலில் போட்டுக் கம்பி வைத்தார்கள். சபையும் இருவருக்காகச் சேர்த்தே உபவாசமிருந்து ஜெபித்தது. கரேனுக்கு எலும்பு கூடிவிட்டது. இப்போது கூடையோடு கொழுந்துக் காட்டுக்கே போகிறாள். கத்தரீனுக்குக் காயம் சீழ்பிடித்து, மறுபடி அறுத்து, ஒன்றரை வருடமாகியும் வாக்கர் இல்லாமல் கக்கூசுக்குக்கூடப் போக முடியவில்லை.

பக்கத்து வீட்டு மணியம்மா வேலியோரம் நின்று கேட்பாள். "ரெண்டு பேரும் ஒரே சாமியத்தான கும்புடுறீங்க? அவளுக்கு மொத பஸ்ல அனுப்பிட்டாரு, ஒனக்கு அடுத்த பஸ்ஸு லா. பொறுமையா இரு." கத்தரீனும் சிரித்து வைப்பாள்.

வெளியே சொல்ல முடியாத ஒன்று இருந்தது. அந்த லோரியை ஓட்டியவன் கரேனின் கணவன் எட்ரியன். அந்த இடத்திலேயே செத்துப்போனான். புருஷனைப் பறிகொடுத்தவளின் காலைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவள் என்ன பொம்பளை என்று கத்தரீன் தன்னையே திட்டிக்கொள்வாள். திட்டினாலும் அது போகவில்லை. வலி உச்சிக்கு ஏறிய ஒரு மத்தியானம், காலா ஆர்தரா, எது வேண்டும் என்று மனசு கேட்டது. பதில் சொல்வதற்கு முன் அவள் கொஞ்சம் யோசித்தாள். யோசித்ததற்காக அன்று பொழுது சாயும்வரை அழுதாள்.

ஜெபத்தை அவள் விட்டதில்லை. கால் வேண்டும் என்று கேட்பதைத்தான் விட்டிருந்தாள். மருந்து மாற்றும்போது, "ஆண்டவரே, நான் இங்கதான் இருக்கேன்" என்று மட்டும் சொல்லுவாள். அந்த ஜெபத்துக்குள்ளும் மனசில் கரேன் விறுவிறுவென்று நடந்து வந்துவிடுவாள். இந்த எரிச்சலை வைத்துக்கொண்டு திருவிருந்து வாங்கக் கூடாதென்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். முட்டி போட முடியாதவர்கள் முன்வரிசைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதகரே இறங்கி வந்து அப்பம் கொடுப்பார். போன மாதம் அவர் குனிந்தபோது கத்தரீன் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள்.

அன்றும் திருவிருந்து ஆராதனை. ஆர்தர் அவளைத் தாங்கி அழைத்துவந்து முன்பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஆண்கள் பக்கம் போனான். கரேன் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதமாக இப்படித்தான். மற்றவர்கள் பீடத்து மரத்தடுப்பின் முன்னால் போய் முட்டி போட, அவள் மட்டும் நோயாளிபோலப் பெஞ்சிலேயே இருந்துவிடுகிறாள். சபை எழுந்து பாட்டைத் தொடங்கியதும் கத்தரீன் பக்கவாட்டில் சாய்ந்தாள்.

"இங்க ஏன்டி ஒக்காந்துருக்க?"

"கால் வலிக்குதுக்கா."

"பொய் சொல்லாத லா. காலையில ஆட்டுக்குட்டியாட்டம் படியெறங்குன, பாத்தேன். எனக்குப் பாவம் பாக்குறியா? ஆண்டவரு ஒனக்குக் குடுத்தத மறைச்சு வச்சிக்கிட்டு நொண்டியாட்டம் எம்பக்கத்துல ஒக்காந்தா எனக்கு ஆறிடுமா?"

கரேன் பாட்டுப் புத்தகத்தை மூடினாள். "பாவமா? ஒம்மேலயா?" அவள் உதடு கோணிக்கொண்டது. "பின்னால ஒக்காந்தா, ஆர்தரண்ணன் ஒன்னயத் தாங்கிப் புடிச்சுக் கூட்டியாறத வாசல்லேந்து பெஞ்சு வரைக்கும் பாக்கணும். இங்கன்னா முதுகு காட்டிட்டு ஒக்காந்துக்கலாம்."

கத்தரீன் திரும்பி ஆண்கள் பக்கம் பார்த்தாள். கரேன் குரலைத் தாழ்த்தினாள்.

"தெனமும் ஒங்காலுக்கு ஜெபம் பண்றேன்க்கா. நல்ல எண்ணத்துல இல்ல. ஒனக்கு சொகமாயிட்டா அண்ணன் ஒன்னயத் தூக்க வேணாம்ல."

கத்தரீனுக்கு எங்கிருந்தோ சிரிப்பு வந்தது. குலுங்கியதில் தொடைக்குள் வலி சுரீரென்று பாய்ந்தது. கண்ணில் நீர் முட்ட வாயைப் பொத்திக்கொண்டாள். "அதான்டி ஆண்டவரு கேக்க மாட்டேங்குறாரு."

கரேனின் தோளும் குலுங்கியது. பின்பெஞ்சிலிருந்து யாரோ தொண்டையைச் செருமினார்கள்.

பாட்டு முடிந்தது. ஜனங்கள் வரிசையாக முன்னால் வந்தார்கள்.

"போ. போயி முட்டி போடு."

"ஒனக்கு வயிறு எரியும்க்கா."

"எரியட்டும். நான் பாக்குறேன், போ."

கரேன் எழுந்து போனாள். தடுப்பின் முன்னால், எந்தப் பிடிமானமும் இல்லாமல், இரண்டு முழங்காலையும் ஒன்றாக மடக்கி இறங்கினாள். கத்தரீன் பார்த்தாள். எரிந்தது. கண்ணை எடுக்கவில்லை. கரேனுக்கு வலப்பக்கம் ஓர் ஆள் முட்டி போடுகிற அளவுக்கு இடம் கிடந்தது. அடுத்து வந்த பெண் அங்கே நுழையப் பார்த்தபோது கரேன் தலையைத் திருப்பாமலே, யாருக்கோ இடம் பிடிப்பதுபோல, கையை அந்த இடத்தில் ஊன்றினாள். அந்தப் பெண் தள்ளிப் போனாள்.

போதகர் அப்பத் தட்டோடு ஒவ்வொருவராகக் கொடுத்து வந்தார். அந்த வெற்றிடத்தின் முன் ஒரு கணம் தயங்கினார். பிறகு படியிறங்கிப் பெஞ்சை நோக்கி நடந்து வந்தார். கத்தரீனின் இரண்டு கைகளும் வாக்கரை இறுகப் பிடித்திருந்தன. விரல்கள் மரத்துப்போய் ஒவ்வொன்றாகத்தான் பிரிந்தன. அவர் குனிந்தபோது ஒரு கை மட்டுமே விடுபட்டு, உள்ளங்கை சிவந்து, அப்பத்துக்காக விரிந்து அந்தரத்தில் நின்றது.