பலகை ஏறும் நாள்

வெயில் ஏறும் முன்பே நெல்லையப்பன் கொல்லையில் அம்மிக்கல்லைத் தூக்கத் தொடங்கியிருந்தான். இரண்டு தடவை நெஞ்சுவரை வந்தது. மூன்றாவது தடவை தொடையிலேயே நின்றுவிட்டது. நேற்று ஐந்து தடவை தூக்கியிருந்தான்.

"போதும், இறக்குங்க. கால்ல போட்டுக்கிட்டா அதுக்கும் நான்தான் பத்துப் போடணும்," என்றாள் மனைவி முத்தாரம்மாள்.

வேலிக்கு அப்பால் கோழிக்கூட்டைத் திறந்துகொண்டிருந்த எலிசாள் எட்டிப் பார்த்தாள். "அண்ணாச்சி, எங்கோழி இட்ட முட்டை எல்லாம் எங்க போவுது? கல்லுக்கு ஊட்டுதீங்களா?"

நெல்லையப்பன் சிரிக்க முயன்றான். மூச்சு வாங்கியது.

சாலைக் கடைத்தெருவில் ஓர் அரிசிக் கிட்டங்கியில் அவன் பதினோரு வருஷமாகச் சுமடு தூக்குகிறவன். பதினாலு பேர் கொண்ட கூட்டம். மாசி மாதம் டைபாய்டு வந்து நாற்பது நாள் படுத்தான். படுத்தவனுக்கு அந்தக் கூட்டத்தில் ஒரு முறை இருந்தது. அவன் எழுந்தபிறகு இரண்டு அமாவாசை கழியும்வரை அந்த இடத்தில் வேறொருவன் பகரம் நிற்பான். மறுநாள் காலை படுத்தவன் வந்து, ஒரு முழு மூட்டையைத் தலையில் ஏற்றி, சாய்வுப் பலகைமேல் நடந்து, அடுக்கிய மூட்டை அட்டியின் உச்சியில் வைக்க வேண்டும். வைத்தால் இடம் அவனுடையது. இல்லையென்றால் பகரம் நின்றவனுக்கு. யுத்தத்தால் பர்மா அரிசி நின்றபிறகு வெளிக்கூலிக்கு ஆள் கூப்பிடுவாரே இல்லை. இரண்டாவது அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் தர்ம ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் சொல்லியிருந்தார்: "மரச்சீனிக் கிழங்கு வயத்தை ரொப்பும், அவ்வளவுதான். சதை போடணும்னா பருப்பு, பயறு, முட்டை, மீன்." அன்று முதல் முத்தாரம்மாள் ரேஷன் அரிசியை அப்படியே எலிசாளிடம் கொடுத்து, தினம் இரண்டு முட்டையும் ஒரு கைப்பிடி காணப்பயறும் வாங்கினாள். வயிற்றை ரொப்புகிற சாமான் எனக்கெதற்கு என்று நெல்லையப்பன் கிழங்கை ஒதுக்கிவிட்டான். கிழங்கை அவள் தின்றாள்.

கல்லை இறக்கிய கையோடு இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கம்பவுண்டர் வெங்கடசுப்ரமணியன் வலியசாலை அக்ரஹாரத்துக்காரர். முட்டையைக் கையால் தொட்டதில்லை. நெல்லையப்பனின் மேற்கையைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பார்த்தார். விரல்நுனிகள் தொட்டுக்கொண்டன.

"என்ன ஓய், போன தடவைக்கு இன்னும் மெலிஞ்சிருக்கீர்?"

"நீங்க பறஞ்சபடிதான் சாரே. தினம் ரெண்டு முட்டை, காணம். தவறாம கல்லும் தூக்குதேன்."

"சாதம்?"

"அரிசியைக் குடுத்துத்தான் முட்டை வாங்குதோம்," என்றாள் முத்தாரம்மாள்.

"கிழங்காவது தின்றீரா?"

"தொடுததில்ல சாரே."

கம்பவுண்டர் மருந்துக் குழவியைக் கீழே வைத்தார். "கிழங்கு மட்டும் போறாதுன்னேன். கிழங்கே வேண்டாம்னு சொன்னேனா? அசடே, வீட்டுக்குக் கூரை போடக் கழுக்கோல் வாங்கி வெச்சிருக்கீர். அடுப்புக்கு விறகில்லை. என்ன பண்ணுவீர்? கழுக்கோலை எடுத்துத்தானே எரிப்பீர்? ஒடம்பும் அதைத்தான் பண்றது. சாதமும் கிழங்கும் விறகு. அது இல்லேன்னதும் முட்டையை எல்லாம் அடுப்புல வெச்சுடுத்து. அதுவும் போறாம மேலே இருந்த சதையையும் எடுத்து எரிச்சிருக்கு. கல்லு தூக்கத் தூக்க இன்னும் எரியும்."

"அப்ப என்ன திங்கணும் சாரே?"

"சாதமும் வேணும், முட்டையும் வேணும்."

"ரெண்டும் இருக்க வீட்டுல எவன் சாரே மூட்டை தூக்கப் போவான்?" என்றாள் முத்தாரம்மாள்.

அவர் வரிசையில் பின்னால் நின்றவர்களைப் பார்த்தார்.

"ரெண்டும் குடுத்தா அஞ்சு நாள்ல ஆயிருமா?"

"ஜுரம் நாப்பது நாள் தின்னிருக்கும்மா." ஒரு குப்பியில் சிவப்பு மருந்தை ஊற்றி நீட்டினார். "சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மூடி. பசியைக் கிளப்பும்."

"பசி உண்டு சாரே," என்றான் நெல்லையப்பன். ஆனாலும் குப்பியை வாங்கிக்கொண்டான்.

அன்று சாயங்காலம் வீட்டிலிருந்த செம்புக்குடம் எலிசாள் வீட்டுக்குப் போனது. "பயப்படாதீங்க மைனி, இங்கயே இருக்கட்டும், பொறவு எடுத்துக்கிடலாம்," என்று சொல்லி அவள் அரிசியைத் திருப்பித் தந்தாள், முட்டையும் தந்தாள். சோறு, கிழங்கு, முட்டை எல்லாம் ஒரே தட்டில் விழுந்தன. முத்தாரம்மாள் கட்டன்சாயாவோடு நிறுத்திக்கொண்டாள். கேட்டதற்குத் தனக்கு வயிறு சரியில்லை என்றாள். ஐந்தாம் நாள் கல் நான்கு தடவை நெஞ்சுக்கு வந்தது.

அமாவாசைக்கு மறுநாள் கிட்டங்கியில் கூட்டம் முழுவதும் வட்டமாக நின்றது. பகரம் நின்ற பகவதிப்பெருமாள் யார் முகத்தையும் பார்க்காமல் தூணோரம் நின்றான். மூப்பன் கோலப்பன் முன்கூட்டியே ஒரு மூட்டையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார். எலி கடித்து அரிசி கொஞ்சம் சிந்திப்போன மூட்டை அது.

முதலாளியின் மகன் குற்றாலலிங்கம் உள்ளே வந்தான். இருபத்திரண்டு வயது. தண்டால் கசரத்து முடித்து நேராக வந்திருந்தான். பனியனுக்கு வெளியே தோள்கள் எண்ணெயில் மின்னின.

"காலம்பற ஒரு படி பால், ஊறவச்ச பாதாம், பொறவு நெய்ச்சோறு," என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். "நம்ம கிட்டங்கியிலயே நல்ல சரக்கு இதுதான்."

குற்றாலலிங்கம் அந்த மூட்டையைக் கால் கட்டைவிரலால் அமுக்கினான். "மூப்பா, இது தொளதொளன்னு கெடக்கு. முழுசா ஒண்ணு எடும்."

கோலப்பன் எடுக்கச் சொன்னார். நூற்றறுபது ராத்தல். நெல்லையப்பன் சும்மாட்டைத் தலையில் வைத்தான். இரண்டு பேர் மூட்டையை ஏற்றிவிட்டார்கள். கழுத்து உள்ளே போனது. எட்டடி நடந்தான். பலகையில் வலது காலை வைத்தான், இடது காலையும் வைத்தான். மூன்றாவது அடிக்குத் தூக்கிய கால் தொடையிலிருந்து நடுங்கி, எடுத்த இடத்துக்கே திரும்ப வந்தது.

"ஏறு மக்கா, இன்னும் நாலடி," என்றார் கோலப்பன்.

நெல்லையப்பனின் முழங்கால் மடங்கியது.

"சாக்கு கிழியும், பிடிங்கலே!" என்று குற்றாலலிங்கம் கத்தினான். நாலு பேர் ஓடி மூட்டையைப் பிடித்துத் தரையில் இறக்கினார்கள். நெல்லையப்பன் பலகையிலேயே உட்கார்ந்தான்.

"இதுல என்ன இருக்கு வே?" குற்றாலலிங்கம் பனியனைக் கழற்றினான். ஒருவர் துணையும் இல்லாமல் மூட்டையை அணைத்து முழங்காலில் வாங்கி, தோளில் ஏற்றினான். "வழி விடு," என்றான். நெல்லையப்பன் எழுந்து சுவரோரம் ஒதுங்கினான். குற்றாலலிங்கம் பலகை முழுவதும் ஏறி, உச்சியில் நின்று, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிக் காட்டினான். கணக்கப்பிள்ளை கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

பிறகு அவன் மூட்டையோடு இறங்கி வந்து, எடுத்த இடத்திலேயே போட்டான். துண்டால் தோளைத் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனான்.

"பகவதிப்பெருமாளு, இனி ஒன் இடம்தான். வா," என்றார் கோலப்பன்.

பகவதிப்பெருமாள் வந்து அந்த மூட்டைக்கு முன்னால் குந்தினான். அவன் முதுகில் ஒவ்வொரு விலா எலும்பும் தனித்தனியே தெரிந்தது. தலையில் சும்மாடு சரியாக இருக்கிறதா என்று இரண்டு கையாலும் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.