பின்னாலை வாறன்

"விடு பிள்ளை... சேலையை விடு."

கரண்டியைத் தாயின் வாயருகே பிடித்திருந்த சிவகௌரி அப்படியே நின்றுவிட்டாள். அவளுடைய ஒரு கையில் கஞ்சிக் கோப்பை, மற்றக் கையில் கரண்டி. தாய் இரத்தினம்மா உடுத்திருந்ததோ பூப்போட்ட சோட்டிக் கவுன். பாரிசவாதம் வந்து கட்டிலில் விழுந்த நாளிலிருந்து, எட்டு மாதமாக, அந்த உடம்பில் சேலை ஏறவேயில்லை.

"ஆரும் பிடிக்கேல்லை அம்மா. வாயைத் துறவுங்கோ."

இரத்தினம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று கிழமையாக அவள் வாயிலிருந்து வந்தது வெறும் காற்றும் முனகலும்தான். வலக்கை மூடியது மூடியபடி நெஞ்சில் கிடந்தது. இன்று விடிந்ததிலிருந்து குரல் தெளிந்திருந்தது. அது நல்லதற்கில்லை என்று பக்கத்து வீட்டு லூர்த்தம்மா காலையிலேயே மெல்லச் சொல்லிவிட்டு, அடுப்பை மகனின் மனைவியிடம் விட்டு, இங்கேயே வந்து குந்திவிட்டாள்.

"கௌரி, பேக்கை எடு. நோக் கண்டிட்டுது."

"ஆருக்கம்மா?"

"தவத்துக்கு."

ஈரத் துணியைப் பிழிந்துகொண்டிருந்த லூர்த்தம்மாவின் கை நின்றது. அந்தப் பெயர் இந்த வீட்டுக்குள் சொல்லப்பட்டு முப்பத்தெட்டு வருஷம் இருக்கும்.

பட்டினத்தின் மேற்கு விளிம்பில், கடலுக்கு இறங்கும் பாதையில் கிடந்தது அந்த ஒழுங்கை. பதின்மூன்று வீடுகள். சைவ வீடு, வேதக்கார வீடு, சோனக வீடு என்று கலந்து, மதில்கள் ஒன்றுக்கொன்று முதுகு கொடுத்து நின்றன. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் மூன்று வீட்டுக்கு மணக்கும். ஒரு வீட்டில் சண்டை என்றால் ஐந்து வீட்டில் ரேடியோவின் சத்தத்தைக் குறைப்பார்கள். அரசாங்க மருத்துவமாதுவாக இருந்த இரத்தினம்மாவை எல்லோரும் மிஸி என்றுதான் கூப்பிட்டார்கள். ஒழுங்கையில் ஒன்பது வீட்டுப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவர்கள். தொண்ணூறில் வெறும் கையோடு வெளியேற்றப்பட்ட சோனகச் சனம் இருபது வருஷம் கழித்துத் திரும்பி வந்தபோது, தங்கள் வீடுகளின் இடிந்த சுவர்களைப் பார்க்கமுதல் மிஸியின் படலையைத்தான் தட்டினார்கள்.

ஆனால் தவமலரின் பிள்ளை மட்டும் அவள் கைக்கு வரவில்லை.

எண்பத்தேழு ஐப்பசி. ஊரடங்கு. ஷெல் விழுந்துகொண்டிருந்த பொழுதுபடும் நேரத்தில், தவமலரின் புருஷன், ஒழுங்கையின் கடைசி வீட்டுச் சோமசேகரம், மதிலோடு ஒட்டி ஊர்ந்து வந்து படலையைத் தட்டினார். "மிஸி, தவத்துக்குப் பிள்ளைப் பேத்து நோ வந்திட்டுது" என்றார். இரத்தினம்மா பேக்கைத் தூக்கிவிட்டாள். ஏழு வயதுச் சிவகௌரி அவளுடைய சேலைத் தலைப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குளறி அழுதாள். தகப்பன் அந்த வருஷம் சித்திரையில்தான் செத்திருந்தார். "போகாதை அம்மா, போகாதை." இரத்தினம்மாவால் அடி எடுத்துவைக்க முடியவில்லை; மேலும் மூன்றுதரம் படலை தட்டப்பட்டது. பிறகு தட்டவில்லை. விடிய, வெள்ளைத் துணியைத் தடியில் கட்டிக்கொண்டு இரத்தினம்மா போனபோது எல்லாம் முடிந்திருந்தது. பிள்ளை வெளியே வரவேயில்லை. ஆணோ பெண்ணோ என்று ஒருவரும் அறியாமலே தாயோடு போயிற்று.

சோமசேகரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு புத்தூரில் தமக்கையோடு போய் இருந்துவிட்டார். வருஷத்தில் ஒருதரம் வந்து கதவைத் திறந்து பார்த்துவிட்டு, மிஸியின் படலைப் பக்கம் திரும்பாமலே போவார். இரத்தினம்மா அதைப் பற்றி மகளிடம் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. ஒருநாளும் ஏசியதில்லை. அந்த ஏசாமைதான் சிவகௌரிக்கு இந்த நாற்பத்தைந்து வயதிலும் தொண்டையில் முள்ளாய் நின்றது.

"அம்மா, தவமக்கா இப்ப இல்லை."

"விசர்க்கதை கதையாதை. கேக்கேல்லையே உனக்கு?" இரத்தினம்மாவின் கண் கூரையில் எங்கோ நிலைத்திருந்தது. "நீ முன்னாலை போய்க் கதவைத் துற. நான் பின்னாலை வாறன்."

சிவகௌரி லூர்த்தம்மாவைப் பார்த்தாள்.

"போட்டு வா பிள்ளை," என்றாள் லூர்த்தம்மா. "அவவின்ரை மனம் ஆறட்டும். நான் பக்கத்திலை இருக்கிறன்."

பங்குனி வெயில் ஒழுங்கையில் வெள்ளையாய் நின்றது. ஆள் இல்லை, நாய் இல்லை, ஒரு காகம்கூடக் கரையவில்லை. கடைசி வீட்டுப் பூட்டின் திறப்பு அதற்கு அடுத்த வளவுச் சரீனாவிடம் இருந்தது. தேங்காய் பொறுக்கச் சோமசேகரம் கொடுத்து வைத்தது. சிவகௌரி விஷயத்தைச் சொல்ல வாயெடுக்கமுதலே சரீனா திறப்பை ஆணியிலிருந்து எடுத்துவிட்டாள்.

"மூண்டு நாளா மத்தியானத்திலை ஒரு முனகல் சத்தம் கேக்குது கௌரி. பூனையாக்கும் எண்டு இருந்தன். பிள்ளையளுக்குச் சொல்லேல்லை. பயந்திடுங்கள்."

"நீங்கள் போய்ப் பாக்கேல்லையோ?"

"தனியவோ?" என்றாள் சரீனா. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.

பூட்டு இலேசில் திறந்தது. உள்ளே புழுங்கிய காற்று முகத்தில் அடித்தது. நிலமெல்லாம் விரல் தடிப்புக்குத் தூசி; இவர்கள் வைத்த ஒவ்வொரு அடியும் அதில் பதிந்தது. வேறு ஒரு சுவடும் அங்கே இல்லை, பூனையின் சுவடுகூட. அறைக்குள் மெத்தை இல்லாத இரும்புக் கட்டில் ஒன்று நின்றது. மேலே ஓட்டிடுக்கால் வெயில் ஒரு காசளவுக்கு விழுந்துகொண்டிருந்தது.

"ஒண்டும் இல்லை," என்றாள் சிவகௌரி. அவளுடைய குரல் அவளுக்கே பெரிதாய்க் கேட்டது.

சரீனா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தாள். இருவரும் அறை வாசலில் நின்றார்கள். போகலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. முனகல் ஏதும் கேட்கவில்லை. வெளியே தென்னோலை ஒன்றும் அசையவில்லை.

அப்போது சிவகௌரி வலப் பக்கம் ஓரடி ஒதுங்கினாள். ஏன் ஒதுங்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அவசரமாய் வரும் ஒருவருக்கு வழி விடுவதுபோல உடம்பு தானாய் விலகியது. நிமிர்ந்து பார்த்தபோது சரீனாவும் இடப் பக்கம் ஒதுங்கி, முதுகு சுவரில் படுமட்டும் ஒட்டி நின்றாள். இருவருக்கும் நடுவில் வாசல் வெறுமையாய்க் கிடந்தது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சரீனாவின் ஓதல் நின்றிருந்தது.

ஒழுங்கையின் மற்றத் தலைப்பிலிருந்து லூர்த்தம்மா குளறும் சத்தம் வந்தது.

கதவைச் சாத்தவும் நினைக்காமல் ஓடினார்கள்.

இரத்தினம்மா கண் மூடிக் கிடந்தாள். லூர்த்தம்மா கட்டில் காலைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தாள். பிறகு, அழுகை அடங்கிய ஒரு இடைவெளியில், சிவகௌரியின் காதுக்கு மட்டும் சொன்னாள்.

"நீங்கள் போன கையோடை கண்ணை மூடினவ. நித்திரையாக்கும் எண்டு இருந்தன். பேந்து 'முக்கு தவம், முக்கு, இன்னும் ஒருக்கா' எண்டு சொன்னா. என்ரை ரண்டு பிள்ளைப் பேத்துக்கும் சொன்ன அதே குரல் பிள்ளை. கனநேரம் ஒரு சத்தமும் இல்லை. கடைசியிலை, 'பெட்டைப் பிள்ளை' எண்டா. அவ்வளவுதான். மூச்சு நிண்டுட்டுது."

"என்ன நேரம்?"

"பன்னிரண்டே முக்கால்."

அரை மணித்தியாலத்துக்குள் ஒழுங்கை நிறைந்துவிட்டது. லூர்த்தம்மாவின் மகன் பிரகாஸ் பந்தல்காரருக்கு ரெலிபோன் எடுத்தான். சரீனாவின் மகன்மார் கதிரைகளைத் தலையில் கவிழ்த்துக் கொண்டுவந்து முற்றத்தில் அடுக்கினார்கள். செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாதென்று சரீனா வீட்டில் தேத்தண்ணிக்குத் தண்ணி கொதித்தது. ஐயருக்குச் சொல்ல ஒருவர், கிராம அலுவலரிடம் ஒருவர் என்று, ஒருவரும் ஏவாமலே காரியங்கள் நடந்தன.

பெண்கள் அறைக் கதவைச் சாத்திவிட்டு உடம்பு கழுவத் தொடங்கினார்கள். காலிலிருந்து மேலே துடைத்துக்கொண்டு வந்த லூர்த்தம்மா கைக்கு வந்ததும் நிறுத்தினாள்.

"கௌரி. இஞ்சை பார்."

எட்டு மாதமாய் மூடிக் கிடந்த வலக்கை விரிந்து கிடந்தது. அதன் விரல்களும் இடக்கை விரல்களும் மணிக்கட்டு வரைக்கும் வெளிறிச் சுருங்கியிருந்தன, கனநேரம் தண்ணிக்குள் ஊறிய கைகளைப்போல. நகக்கண்ணெல்லாம் தேய்த்துக் கழுவியமாதிரிச் சுத்தமாய் இருந்தது. கைக்கு இன்னும் ஒருவரும் தண்ணி வார்க்கவில்லை.

சிவகௌரி புதுத் துவாய் ஒன்றை எடுத்து, ஒவ்வொரு விரலாய்த் துடைத்து, கைகளை நெஞ்சின் மேல் வைத்தாள்.

இரண்டரை மணியளவில் முற்றத்தில் கதை பேச்சு திடீரென்று அடங்கியது. சிவகௌரி எட்டிப் பார்த்தாள். படலைக்கு வெளியே சோமசேகரம் நின்றார். எழுபது வயது. மடித்த குடையைக் கையில் பிடித்திருந்தார். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தப் படலைக்கு முன்னால் அவர் நிற்பது இதுதான் முதல்தரம்.

அவள் இறங்கிப் போனாள்.

"ஆர் மாமா உங்களுக்குச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை." அவர் உள்ளே பார்க்காமல் கதைத்தார். "காலமை எழும்பினதிலையிருந்து வீட்டைத் துறந்து பாக்கவேணும் போலை கிடந்தது. பஸ் எடுத்து வந்தன். வந்து பாத்தால் கதவு ஆவெண்டு கிடக்கு."

"நாங்கள்தான் துறந்தது. பூட்ட மறந்து போனம்."

"அது பறவாயில்லை." அவர் குடையை ஒரு கையிலிருந்து மற்றக் கைக்கு மாற்றினார். "அறையைக் கழுவினது ஆர்?"

தேத்தண்ணித் தட்டத்தோடு வந்த சரீனா அப்படியே நின்றாள்.

"நாங்கள் ஒண்டும் கழுவேல்லை அண்ணை," என்றாள். "தூசியெல்லோ கிடந்தது."

"நிலமெல்லாம் தண்ணி, வெறுங்கால் நனைஞ்சுபோச்சு. டெற்றோல் மணக்குது. கட்டிலுக்குக் கீழையும் துடைச்சுக் கிடக்கு." அவர் ஒவ்வொன்றாய்ச் சொன்னார். "அந்த வீட்டிலை தண்ணி இல்லைப் பிள்ளை. கிணத்தை மூடிப் பத்து வருஷம்."

முற்றத்தில் யாரோ கதிரையை இழுத்த சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"அம்மா கடைசியா ஏதும் சொன்னவவோ?"

"'பெட்டைப் பிள்ளை' எண்டு சொன்னவவாம்," என்றாள் சிவகௌரி.

சோமசேகரம் படலையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய தாடை ஏதோ மெல்லுவதுபோல அசைந்தது. பிறகு தலையை ஆட்டினார், ஏற்கெனவே கேட்டிருந்த செய்தி ஒன்றை இன்னொருவரும் வந்து உறுதிப்படுத்தியதுபோல.

"மாமா, அண்டைக்கு நான்தான்..."

"தெரியும்," என்றார் அவர். "இந்தப் படலையடியிலை நிண்டு கேட்டுக்கொண்டுதானே நிண்டனான். நீ அழுததைக் கேட்டுத்தான் தட்டுறதை விட்டனான்."

செருப்பைக் கழற்றிப் படியோடு வைத்துவிட்டு உள்ளே வந்தார். இருந்த ஆண்கள் எழும்பி வழி விட்டார்கள். அவர் நேரே போய்ச் சடலத்தின் கால்மாட்டில் போட்டிருந்த பாயில் குந்தினார். அழவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டார்.

வாசலிலிருந்து பாய் வரைக்கும், காய்ந்த சீமெந்து நிலத்தில், அவர் வெறுங்காலோடு நடந்த சுவடுகள் ஈரமாய்ப் பதிந்து கிடந்தன. மின்விசிறிக் காற்றில் அவை ஒன்றன்பின் ஒன்றாய்க் காய்ந்துகொண்டு வந்தன. தட்டத்தோடு உள்ளே வந்த சரீனா அவற்றில் கால் படாமல் சுவரோரமாய்ச் சுற்றிக்கொண்டு போனாள்.