சீர்க் கட்டிலில் ஏறிய பூச்சி

1

அது மூட்டைப்பூச்சி அல்ல.

(இந்த வரி என்னுடையதல்ல. அக்கா சௌந்திரம் சொல்லி எழுதியது. நான் தொடங்கியது வேறு: 'புதுச்சத்திரத்தில் அந்த வருடம் மழை...' அடித்துவிட்டேன். மழைக்கும் இந்தக் கதைக்கும் சம்பந்தமில்லை.)

அக்காவின் சீர்க் கட்டிலில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். 1978இல் கல்யாணச் சீராகப் புதுச்சத்திரம் போன கட்டில் இது. மறுவருடமே அக்காவோடு மாட்டுவண்டியில் எங்கள் ஊர் ராசிபுரத்துக்குத் திரும்பி வந்தது. கதை இதில்தான் பிறந்தது.

2

அக்காவின் புருஷன் நாச்சிமுத்து மாமா வீட்டை ஒட்டியே கோழிக்கொட்டாய் போட்டிருந்தார். ஊரில் முதல் வெள்ளைக்கோழி அவருடையது. அந்தப் பெருமை அவருக்குத் தலைக்கு மேல். முட்டை பொறுக்குவது அக்கா வேலை. முட்டைத் தட்டுகளை அடுக்கிவைப்பது இந்தக் கட்டிலுக்கடியில். [இதை நினைவில் வையுங்கள். அந்த வீட்டில் யாரும் வைக்கவில்லை.]

ஒருநாள் எல்லோர் உடம்பிலும் தடிப்பு, அரிப்பு. மாமியார் கண்ணாத்தாளின் கண் நேராகக் கட்டிலுக்குப் போனது.

"உங்கப்பன் ஊட்டுச் சீருல மூட்டப்பூச்சியும் சேத்தியா?"

கட்டிலை வாசலில் போட்டு, சந்துபொந்தெல்லாம் கொதிநீர் ஊற்றி, மண்ணெண்ணெய் தடவினார்கள். தெருவே வேடிக்கை பார்த்தது. பிறகு கட்டில் உள்ளே போனது. பழையபடி தட்டுகளும் அதனடியில் போயின. கடி நிற்கவில்லை.

3

கண்ணாத்தாளைக் கொடுமைக்காரியாக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் தப்பாக நினைத்தாள், அவ்வளவுதான். தெரிந்தே பொய் சொன்னவர் வேறு.

அக்கா ஒரு வெள்ளைத் துணியைக் கொட்டாய்க்குள் விரித்துவைத்தாள். காலையில் எடுத்து மாமாவிடம் நீட்டினாள். கசகசா அளவில் பூச்சிகள் சிவப்பாக ஊர்ந்தன.

"ஏனுங்க, நசுக்கிப் பாருங்க. மூட்டப்பூச்சி நாத்தமே இல்லீங்க. இது கோழி மேல ஒட்டி ரத்தங் குடிக்கற கோழிச்செல்லுங்க. கட்டல்ல இருக்கறதும் இதேதானுங்க. தட்டோட உள்ள வருதுங்க."

நசுக்கினார். மோந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது என்கிறாள் அக்கா. ஆனால் மறுநாள் கோழி வாங்க ஆள் வருவதாக இருந்தது. செல் பிடித்த கோழியை யார் வாங்குவார்கள்?

துணியை அடுப்பில் போட்டார். தாயாரிடம் திரும்பினார்.

"மூட்டப்பூச்சிதானுங்க ஆத்தா."

கோழி விற்றது. பூச்சி கொண்டுவந்தவள் என்று அக்காவுக்கு வண்டி கட்டினார்கள்.

(அடிக்குறிப்பு: நாச்சிமுத்துவை மாமா என்று எழுதக் கை கூசுகிறது. உறவுமுறையில் வேறு சொல் இல்லை.)

4

முடிவு ஒன்று: மாமா மன்னிப்புக் கேட்டு வருகிறார். அக்காவிடம் வாசித்துக் காட்டினேன்.

"வரலியே சாமி. வராத ஆள எதுக்கு வர வெக்கற?"

முடிவு இரண்டு: அந்த வீட்டுக்கு இன்னொருத்தி புதுக் கட்டிலோடு வருகிறாள். அவளும் சொறிந்துகொண்டே... எனக்கு இது இனித்தது. அக்காவுக்கு இல்லை.

"அந்தப் புள்ள என்ன பாவம் பண்ணுச்சு? அடிச்சுப்போடு."

அடித்துவிட்டேன்.

மூன்றாவது முடிவு என் கையில் இல்லை. புதுச்சத்திரம் பக்கம் யாராவது இதைப் படித்தால், கோழிக்கொட்டாய் நாச்சிமுத்துவிடம் முதல் வரியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அவர் என்ன சொல்கிறாரோ அதுதான் கடைசி வரி. இடம் விட்டிருக்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்: