மூன்று மணி நேரத் தூக்கம்

மனிதனுக்கு மூன்று மணி நேரத் தூக்கம் தாராளமாகப் போதும் என்று பத்ரிநாராயணனுக்குச் சொல்லிக் கொடுத்தவர் ஆபீஸில் பக்கத்து நாற்காலி ஏகநாதன். போன வருஷம் சூப்பரின்டெண்ட் பரீட்சையை ஒரே தடவையில் பாஸ் பண்ணியவர். ஜெயித்தவன் வாயில் வருவதெல்லாம் வேதம்தானே! பத்ரியோ இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டை விட்டவர். மூன்றாவது முறைக்கு மேல் எழுத விதியில் இடம் கிடையாது. இந்த எண்பத்தேழு ஜூலையில் தவறினால், ரிடையர் ஆகிறவரை இன்னும் பதினாறு வருஷம் அதே குமாஸ்தா நாற்காலிதான். இவரிடம் வேலை பழகின பிள்ளைகளைப் பார்த்து இவரே எழுந்து நின்று ‘சார்’ போட வேண்டும்.

ஆகவே மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, நல்ல நேரம் பார்த்து, பத்ரி தூக்கத்தை விட்டார்.

சிட்லபாக்கத்தில் அவர் வீட்டு முன்னறையில் விடியவிடிய விளக்கு எரிந்தது. பன்னிரண்டு மணிக்கு ஒரு காபி, இரண்டுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று. நாலு மணிக் காபியைக் குடித்துவிட்டு ஏழு மணிவரை தலை சாய்ப்பார். காபி எப்படி வந்தது என்று அவர் யோசித்ததில்லை. கையை நீட்டினால் டம்ளர் இருந்தது. அவருடைய மனைவி சுந்தரவல்லி கேட்டால் கொடுப்பவள், கேட்காவிட்டாலும் கொடுப்பவள்.

முதல் பத்து நாள் ஜோராகப் போயிற்று. அப்புறம் உடம்பு தன் கணக்கைக் கேட்க ஆரம்பித்தது. ஜலதோஷம் பிடித்தது, பிடித்தது பிடித்தபடியே இருந்தது. சவரம் பண்ணும்போது தாடையில் பட்ட ஒரு பிளேடு கீறல் மூன்று வாரமாக ஆறவில்லை. வலது கண்ணில் ஒரு கட்டி வந்தது. அது அமுங்கியதும் இடது கண்ணில் ஒன்று. குளித்துவிட்டு வேஷ்டியைத் தோளில் போட்டுக்கொண்டு துண்டைத் தேடினார். ஆபீஸில் ஒரு கடிதத்துக்கு எழுபத்தெட்டாம் வருஷத் தேதி போட்டு அனுப்பினார். ஒரே பக்கத்தைப் பதினோரு தடவை படித்துவிட்டு, இது எந்தப் புத்தகம் என்று அட்டையைத் திருப்பிப் பார்த்தார். பூனைக்கும் அதட்டிப் பேசாத மனிதர், பஸ் கண்டக்டரிடம் பத்துப் பைசா சில்லறைக்காகச் சட்டையைப் பிடிக்கப் போனார். சுந்தரவல்லியும் இருமினாள். நம்மிடமிருந்து ஒட்டிக்கொண்டது என்று பத்ரி நினைத்ததோடு சரி.

குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கத்தில் டாக்டர் லாசரஸ் நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணை விரித்துப் பார்த்தார், எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள் என்று கேட்டார். பத்ரி பெருமையாகச் சொன்னார்.

“சார், மாத்திரை தர்றேன். ஆனா மாத்திரை கூலிக்கு வர்ற ஆளு. நோயை விரட்ட உடம்புக்குள்ளேயே வீட்டு ஆளு ஒருத்தன் இருக்கான். நீங்க தூங்கினாத்தான் அவனுக்குச் சோறு. அப்புறம் இன்னொண்ணு. பகல்ல படிச்சதை மூளை எடுத்து அடுக்கி வெக்கிறதே தூக்கத்துலதான். நீங்க மூட்டையா இறக்கிக்கிட்டே இருக்கீங்க, அடுக்க ஆளே இல்ல.”

டாக்டருக்கென்ன, அவர் பரீட்சையெல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று பத்ரி நினைத்துக்கொண்டார். மாத்திரையை வாங்கினார், பேச்சை அங்கேயே விட்டுவிட்டார். வீட்டில் மூச்சு விடவில்லை.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை, எழும்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில், மத்தியானம் இரண்டு மணிக்கு. பத்ரி காலை ஏழே முக்காலுக்கே குரோம்பேட்டையில் ரயில் ஏறிவிட்டார். பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து கடைசியாக ஒரு புரட்டு புரட்டலாம் என்று திட்டம். ஞாயிறானதால் பெட்டி காலி. ஜன்னல் ஓரம் சீட். மீனம்பாக்கம் தாண்டியது அவருக்குத் தெரியும். அவ்வளவுதான் தெரியும்.

ரயில் எழும்பூரில் நின்றது, பீச் ஸ்டேஷனுக்குப் போயிற்று, பத்து நிமிஷம் ஓய்வெடுத்தது, வந்த வழியே தாம்பரத்துக்குத் திரும்பிற்று. பத்ரி கண்ணைத் திறந்தபோது எதிரே குரோம்பேட்டை என்று போர்டு இருந்தது. பதினைந்து வருஷமாக அந்தப் போர்டைப் பார்த்ததும் இறங்குகிற கால்கள், தலையைக் கேட்காமலே இறங்கின. நிதானமாக வீட்டுக்கு நடந்தார், காலைக் கழுவினார், ஊஞ்சலில் உட்கார்ந்தார்.

“வல்லி, காபி கொண்டா. பரீட்சை பிரமாதம். அஞ்சு கேள்வியும் தெரிஞ்ச கேள்வி!”

சுந்தரவல்லி கரண்டியும் கையுமாக வந்து நின்றாள்.

“ஹால்ல சூபர்வைசர் யார் தெரியுமோ? நம்ம திருநீர்மலைக் கோவில் பட்டர்! கேள்வித்தாளோட துளசியும் குடுத்தார்.”

“துளசியுமா?” என்றாள் அவள் மெல்ல.

பரீட்சை ஹாலில் துளசி ஏது, ரயிலில் கண்டது கனவா என்று அப்போதுதான் பத்ரிக்கு உறைத்தது. கடிகாரத்தைப் பார்த்தார். பத்தேகால். காலை பத்தேகால்.

அப்போது அவருக்கு வந்த பயம் சாதாரணப் பயமில்லை. புத்தி கலங்கிவிட்டதோ என்று நடுங்கினார். புத்தகத்தைப் பிரித்தார், எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. விடுப்பு விதியின் முதல் வரிகூட நினைவுக்கு வரவில்லை. சுந்தரவல்லி புத்தகத்தைப் பிடுங்கினாள்.

“இத்தனை நாள் ஏறாதது இந்த ஒண்ணரை மணியிலா ஏறப்போறது? படுங்கோ. பன்னெண்டுக்கு நான் எழுப்பறேன்.”

புத்தகங்களை மடியில் வைத்துக்கொண்டு அலமாரியில் சாய்ந்து காவலுக்கு உட்கார்ந்தாள். பத்ரி படுத்தார். தலையணையில் தலை பட்டதோ இல்லையோ, ஆள் இல்லை.

விழித்தபோது தலை கழுவித் துடைத்த பாத்திரம்போல் இருந்தது. விடுப்பு விதி முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக நினைவுக்கு வந்தது. ஆகா என்று திரும்பினால், மணி ஒன்று ஐந்து!

“அடிப்பாவி!” என்று வாயைத் திறந்தவர், அப்படியே மூடிக்கொண்டார்.

சுந்தரவல்லி உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கண்ணைச் சுற்றிக் கருவளையம், உதட்டோரத்தில் புண், சுண்டுவிரலில் ஆறாத ஒரு சூடு. இதெல்லாம் எப்போது வந்தது? தினம் பார்க்கிற முகம்தான். பார்த்தால்தானே. எழுப்பினால் ‘ஐயோ’ என்று எழுந்து, இவருக்குத் தயிர்சாதம் பிசைய ஓடுவாள். பத்ரி அவளை மெதுவாகச் சாய்த்து, தலைக்குத் தலையணை வைத்து, சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு ஓடினார்.

தெருமுனையில் செங்கல் கடை துரைராஜ் மொபெட்டைக் கிளப்பிக்கொண்டிருந்தார். இந்தக் காலனி மனைகளெல்லாம் ஒருகாலத்தில் அவர் அப்பாவின் வயல்.

“இன்னா சார், காலைல ஒரு தபா போன, இப்ப மறுபடி ஓடிகினு கீற?”

“பரீட்சை... ரெண்டு மணிக்கு... எழும்பூர்!”

“குந்து சார்! கெட்டியா புட்ச்சிக்கோ!”

ஒன்று இருபத்திரண்டு ரயிலைப் பிடித்தார். உட்கார இடம் இருந்தும் உட்காரவில்லை. ஹாலுக்குள் நுழைந்தபோது ஒன்பது நிமிஷம் தாமதம். அரைமணி வரை அனுமதி உண்டு. ஐந்து கேள்வியில் நாலு எழுதினார். செப்டம்பரில் முடிவு வந்தது, பாஸ். எல்லோருக்கும் லட்டு கொடுத்த அன்று ஏகநாதன் காதோடு காதாக ஒரு விஷயம் சொன்னார். தாம் பரீட்சைக்குப் படித்த வருஷம் பூராவும் அவர் மத்தியானத்தில் ரெக்கார்டு ரூமில் பழைய ஃபைல் கட்டுகள் மேல் இரண்டு மணி நேரம் தூங்கினாராம். முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா!

அது செப்டம்பரில். பரீட்சை முடிந்து அவர் வீடு திரும்பிய சாயங்காலம் மணி ஆறரை. சுந்தரவல்லி வைத்த இடத்தில் வைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். விளக்கைப் போட்டதும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தாள்.

“பன்னெண்டு ஆயிடுத்தா? எழுந்திருங்கோ, நாழியாச்சு!”

“எழுதிட்டு வந்துட்டேன் வல்லி.”

“காலம்பறயும் இதைத்தான் சொன்னேள்” என்று அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

பத்ரி ஜன்னலைக் காட்டினார். வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அவள் முகம் வெளுத்தது.

“எழுப்பறேன்னு சொல்லிட்டு நானே தூங்கிட்டேனே. மன்னிச்சுடுங்கோ...”

பத்ரி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பரீட்சையைப் பற்றிச் சொல்ல ரயிலில் எவ்வளவோ சேர்த்து வைத்திருந்தார். அதையெல்லாம் விட்டுவிட்டு அவளைக் கேட்டார்.

“நீ கடைசியா ராத்திரி முழுக்கத் தூங்கினது எப்போ?”

அவள் இதையெல்லாம் யார் நினைவு வைத்துக்கொள்வார்கள் என்பதுபோல் சிரித்தாள். ஆனாலும் கேட்டாரே என்று விரலை மடக்கி யோசித்தாள்.

“சித்திரையில இருக்கும்” என்றாள்.

ஆடி பிறந்து மூன்று நாளாகியிருந்தது. பத்ரிநாராயணனுக்கு அழுகை வந்துவிட்டது.