கூட்டிக் கழித்த முப்பத்தொரு ஒட்டுகள்

கம்ப்யூட்டரின் அடிவயிற்றில் கிடந்து எல்லாவற்றையும் ஓட்டுகிற மென்பொருளுக்குக் கெர்னல் என்று பெயர். அதில் ஓட்டை விழுந்தால் ஒட்டுப் போடுவார்கள். செக் நாட்டுப் புர்னோ நகரத்து அலுவலகம் ஒன்றில் ஹினெக் இந்த வேலையைத்தான் பல வருடங்களாகச் செய்துவந்தான். ஹார்ட் டிஸ்க்கைக் கவனிக்கும் பகுதியில் அவன் போட்ட ஒட்டுகள் மட்டும் முப்பத்தொன்று. அவற்றைப் பற்றிப் பேசினால் பெற்ற பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிற குரல் வந்துவிடும்.

திங்கட்கிழமை குழுத் தலைவி லிபுஷே எல்லோரையும் கூப்பிட்டாள்.

"புது கெர்னல் வருது. இந்த மூட்டையை இன்னும் எத்தனை வருஷம் தூக்கிட்டு அலையறது? அவங்கவங்க ஒட்டுகளையெல்லாம் சேர்த்து ஒண்ணா ஆக்குங்க. சேர்த்த பிறகும் ஒட்டு மிஞ்சினா அந்தப் பகுதி உங்களோடது. மிஞ்சலைன்னா கையேடு எழுதுற பிரிவுக்குப் போயிடுங்க."

கையேட்டுப் பிரிவு என்றாலே எல்லோரும் ஓடி ஒளிவார்கள். 'பொத்தானை அழுத்தவும்' என்பதைச் சலிக்காமல் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஹினெக் மட்டும் கவலைப்படவில்லை.

பக்கத்து நாற்காலி மோய்மீர் சீண்டினான். அவனும் அதே பகுதியில் நாற்பது ஒட்டு வைத்திருந்தான். "யோவ், உன் ஒட்டெல்லாம் சேர்த்தா ஒரு போர்வையே தைக்கலாம் போலிருக்கே!"

"பொறாமைப்படாத. வேலையைப் பாரு."

ஹினெக் முப்பத்தொன்றையும் சேர்த்தான். மாற்றம் எதுவும் இல்லை என்றது கம்ப்யூட்டர். மறுபடி சேர்த்தான். மறுபடியும் அதே பதில்.

ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தான். ஒரு ஒட்டு, டிஸ்க்கை இன்னும் கொஞ்சம் காத்திருக்கச் சொன்னது. அடுத்தது, எதற்குக் காத்திருக்கிறாய் என்று விரட்டியது. ஒன்று பூட்டுப் போட்டது. இன்னொன்று, பூட்டால் எல்லாம் சிக்கிக்கொள்கிறது என்று அதைக் கழற்றியது. போட்டபோது ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் கிடைத்தது. கூட்டிக் கழித்துப் பார்த்தால், கிளம்பிய இடத்திலேயே வந்து நிற்கிறான். அவனுக்கு அழுகையே வந்துவிட்டது.

'இங்கே கவனம் தேவை' என்று ஒரு குறிப்பை எழுதி, அதையே ஒட்டு என்று காட்டிவிடலாமா என்று யோசித்தான். எழுதியும் பார்த்தான். அவனுக்கே சகிக்கவில்லை. அழித்துவிட்டு லிபுஷேயின் அறைக்குப் போனான்.

"ஒண்ணும் மிஞ்சலைங்க."

"ஒண்ணுமேவா?"

"சேர்த்தா பூஜ்யம். அதான் எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

அவள் வாய் திறப்பதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு மோய்மீர் வந்தான்.

"என் ஒட்டு ஒண்ணுகூட ஒட்ட மாட்டேங்குது! இவன் என்னத்தைப் பிடுங்கினான்?"

விசாரித்தால், மோய்மீரின் நாற்பதும் ஹினெக்கின் ஒட்டுகள் அவ்வப்போது செய்த சேதத்தைச் சரிக்கட்டப் போட்டவை. ஹினெக் தன்னுடையதை உருவியதும் அவற்றுக்குப் பிடிமானம் இல்லாமல் போய்விட்டது.

லிபுஷே மோய்மீருடையதையும் எடுத்துவிட்டுச் சோதனை மெஷினை ஓட்டச் சொன்னாள். டிஸ்க் முனகல்கூட இல்லாமல் முன்னைவிடச் சுறுசுறுப்பாக ஓடியது.

"எழுபத்தொரு ஒட்டு. ஒரே நாள்ல காலி பண்ணிட்டீங்களே!" என்று ஹினெக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "நான் சொன்ன கணக்கை விடுங்க, இனி அந்தப் பகுதி உங்களோடதுதான். மோய்மீர், உங்களுக்குக் கையேட்டுப் பிரிவு."

ஹினெக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பசியும் கூடவே வந்தது. கேன்டீனில் குலாஷ் என்ற இறைச்சிக் குழம்பைப் பாதி முடித்திருந்தபோது, யாருக்கும் தண்ணீர்கூட வாங்கித் தராத மோய்மீர் ஒரு பீர் கிளாஸை அவன் முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"ஹினெக், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளு."

"ஒரே ஒரு தப்பையாவது திரும்பப் போடுய்யா. நான் சரிபண்ணிக்கிட்டு இங்கயே கிடக்கறேன். கையேடு எழுதப் போறேன்னு வீட்ல எந்த முகத்தோட சொல்றது?"

இத்தனை வருடத்தில் ஹினெக்கின் ஒட்டை யாரும் இவ்வளவு ஆசையாகக் கேட்டதில்லை. அவன் மனசு இளகிவிட்டது.

"எது வேணும்? காத்திருக்கறதா, பூட்டா?"

மோய்மீர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"பூட்டைக் குடு. அதைச் சரிபண்ற வேலை ரெண்டு வருஷம் தாங்கும்."