ஊதா ஏறாத குழாய்

...இன்னும் நிறம் ஏறவில்லை, இரண்டு குழாயிலும் இல்லை, தம்பியுடையதிலும் இல்லை தன்னுடையதிலும் இல்லை, இப்போதுதானே வெந்நீர்த் தொட்டியில் வைத்தாய், எட்டி எட்டிப் பார்த்தால் மட்டும் சீக்கிரம் ஏறிவிடுமா என்று மங்களம் தன்னையே அதட்டிக்கொண்டாள். சனிக்கிழமை மதியம், ஈப்போவில் அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் ஈ காக்கை இல்லை, வெளியே தாழ்வார பெஞ்சில் அப்பா மாயாண்டியும் தம்பி பத்துமலையும் மட்டும். டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார், அதுவரை பொறுக்க முடியாமல்தான் இந்த அவசரம். செம்பைச் சுமக்கும் புரதம் ஒன்று ரத்தத்தில் உண்டு, அது இருந்தால் இந்த மருந்துத் தண்ணீர் ஊதாவாகும், இல்லையென்றால் ஆகாது, அவ்வளவுதான் சங்கதி, ஆனால் அந்த அவ்வளவுக்குள் ஒரு பையனின் உயிர் இருக்கிறதே... ஒப்பிட்டுப் பார்க்க வேறு ரத்தம் கிடைக்காமல் தன் கையிலிருந்தே எடுத்திருந்தாள், கெட்டிக்காரி, கூடப் பிறந்தவள் ரத்தம் ஒரு அளவுகோலா, இரண்டுமே ஊதா ஆகாவிட்டால் என்ன செய்வாய்?

கோலாலம்பூரில் படித்தபோது இந்தப் புரதத்தோடுதான் மல்லுக்கட்டினாள், சீனர் பன்றிக்கடையிலிருந்து வாளி வாளியாக ரத்தம் வாங்கி வருவாள், விடுதித் தோழிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், நாட்கணக்கில் வடித்து வடித்து ஒருநாள் அந்தச் சிவப்பிலிருந்து கண்ணாடிக் குழாயில் நீலமாக ஒரு பட்டை இறங்கியது, ரத்தத்துக்குள் நீலம் என்றால் யார் நம்புவார்கள், புரதத்துக்குள் ஒருசில செம்பு அணுக்கள், அவை உட்கார்ந்திருக்கும் விதத்தில்தான் அந்த நிறமே. அன்று குதித்தாள். செம்பு உடம்பைவிட்டு வெளியேறாமல் தங்கும் நோய் ஒன்று உண்டு, அதில் இந்தப் புரதம் குறைந்துபோகும், மிஞ்சிய செம்பு ஈரலில் படியும், பிறகு மூளையில், பிறகு கண்ணில் என்று பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினாள், அந்த வரிகளுக்குள் தன் வீடு இருப்பது தெரியாமல்.

கண்ணில்... நேற்றுத்தான் பார்த்தாள். புந்தோங்கில் இருக்கும் வீட்டு வாசலில், வெயிலில், பத்துமலை செருப்பு மாட்டத் தடுமாறி நிமிர்ந்தபோது, கருவிழியின் ஓரத்தில் தேநீர்க் கறை மாதிரி பழுப்பாக ஒரு வளையம். புத்தகத்தில் கறுப்பு வெள்ளைப் படமாகப் பார்த்தது. கார் பட்டறையில் வேலை செய்த பையன், கையிலிருந்து சாவி நழுவுகிறது, நாக்கு தடித்துவிட்டது, பட்டறை முதலாளி, சீனத் தவுக்கே, அவனைப் பார்த்து மாபோக், குடித்துவிட்டு வருகிறான் என்று சீட்டைக் கிழித்துவிட்டான், அப்பாவும், ‘இவனும் ஆரம்பித்துவிட்டான்’ என்று ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டார். இவனும். அந்த 'உம்'மில் இருப்பது அண்ணன் சன்னாசி.

அண்ணன் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவன், நல்ல வெட்டுக்காரன், திடீரென்று கத்தி பட்டையைத் தாண்டி மரத்தையே கிழிக்க ஆரம்பித்தது, வாளிப் பால் வழியெல்லாம் சிந்தியது, கங்காணி மண்டோர் நாள் தவறாமல் கெட்ட வார்த்தையில் அர்ச்சனை செய்தார். பேச்சு குழறி, கண் மஞ்சளித்து, வயிறு வீங்கி... சம்சுச் சாராயம், வேறென்ன, லயத்து வீடுகளில் ஒரு நாக்கு விடாமல் சொன்னது, நான் தொடுறதே இல்லைலா என்று அவன் குழறிக் குழறிச் சொல்லச் சொல்ல எல்லாருக்கும் இன்னும் உறுதியாயிற்று. அப்பா அவன் பாயையும் சட்டைகளையும் லயத்து நடுவில் வீசிக் குடிகாரப் பயலுக்கு இங்கே இடமில்லை என்று ஊர் கேட்கக் கத்தினார். அவன் ஆயர் தாவார் பக்கம் ஏதோ செம்பனைத் தோட்டத்துக்குப் போய் ரத்தம் கக்கிச் செத்தான் என்று ஆள் வந்து சொன்னார்கள். அப்போது மங்களம் வயதுக்கு வந்து சில மாதம்தான், அவளும் நம்பினாள், நம்பாமல் என்ன, எல்லாரும் நம்பியதை.

ஏதோ மாறுகிறதா... ஒரு குழாயில் இளஞ்சிவப்பு ஓடி ஊதாவாகிறது, யாருடையது, குனிந்து பார்த்தாள், தன்னுடையது. அப்பாடா என்றது நெஞ்சு, மறுகணமே கூசியது, தம்பியின் குழாய் மழைத் தண்ணீர் மாதிரி கிடக்கிறது, இவளுக்கு என்ன அப்பாடா? இன்னும் கொஞ்சம் பொறு, மெதுவாக ஏறலாம், ஏறட்டுமே, ஏறேன்... இவளுடையது கறுக்கக் கறுக்க அது அப்படியே இருந்தது. அம்மா அப்பாவின் சொந்த அக்கா மகள், இரண்டு பேர் ரத்தத்திலும் ஒளிந்திருந்த ஒரே குறை பிள்ளைகளிடம் வந்து சேர்ந்திருக்கிறது, இவள் தப்பிவிட்டாள். போகட்டும், மருந்து இருக்கிறது, செம்பைச் சிறுநீரில் இழுத்து வெளியேற்றும் மாத்திரை, ஆயுளுக்கும் சாப்பிட்டால் பத்துமலை பிழைப்பான், அதைச் சொல்லலாம், சந்தோஷமாகவே சொல்லலாம். ஆனால் அதைச் சொன்னால் சன்னாசி குடிக்கவில்லை என்றும் சொன்னதாகுமே, நோயாளிப் பிள்ளையை அடித்துத் துரத்தினீர்கள் என்று பெற்றவரிடம் எந்த வாயால் சொல்வது, அதுவும் அடுத்த வாரம் பாரிட் புந்தாரிலிருந்து மாப்பிள்ளையான ஆசிரியரின் வீட்டார் இவளுக்குப் பரிசம் போட வரும் நேரத்தில், கிழவர் உடைந்து உட்கார்ந்துவிட்டால்?

கதவைத் திறந்தாள். பத்துமலை எதிரே முஸ்லிம் மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு ரொட்டி சாப்பிடப் போயிருந்தான், அப்பா மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, குடி இல்லை அப்பா, ரத்தத்தில் செம்பு தேங்குகிற நோய், மருந்து உண்டு, திங்கட்கிழமை டாக்டரிடம் போய்விடலாம் என்று ஒரே மூச்சில் சொன்னாள். அண்ணன் பெயரை மட்டும் சொல்லவில்லை. அழுவார், தலையில் அடித்துக்கொள்வார், தாங்கிப் பிடிக்கத் தயாராகக் கையை வைத்துக்கொண்டாள். அவர் அழவில்லை. தாழ்வாரத்துச் சிமெண்டையே பார்த்தபடி சொன்னார்.

“சன்னாசியும் குடிக்கலம்மா. எனக்குத் தெரியும். தூங்குறப்போ வாய மோந்து பாப்பேன். ஒரு நாளும் வாடை இல்ல.”

தெரியுமா, தெரிந்தா பாயைத் தூக்கி வீசினார், தெரிந்தா ஊர் கேட்கக் கத்தினார்... அவள் கையை இழுத்துக்கொண்டாள். “அப்புறம் ஏம்ப்பா?”

“குடிகாரன் தங்கச்சின்னா கட்டிக்குவாங்க. லயத்துல எந்த வூட்டுல குடிகாரன் இல்ல? பிள்ளைக்குப் பிள்ளை வர்ற நோவுன்னா எவன் வருவான்? எங்க மாமன் ஒருத்தரும் இப்படித்தான் கை நடுங்கிப் போனாரு. நீ அப்பதான் பெரியவளாயிருந்த.”

அவளுக்காக. அவளுக்காக ஒருவன் குடிகாரனாகச் செத்தான். எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது. அப்பா இன்னும் முடிக்கவில்லை.

“இவனும் மாபோக்குன்னே இருக்கட்டும்லா. பரிசம் முடியட்டும். மருந்த மட்டும் யாருக்கும் தெரியாம குடு, நீ படிச்சவ, உன்னால முடியும்.”

முடியாது என்று சொல்ல எவ்வளவு நேரமாகும், ஒரு வார்த்தைதானே, அண்ணனிடம் கேட்கவில்லை, தம்பியிடமாவது கேட்க வேண்டாமா, அவன் பெயர் அவனுடையது இல்லையா... அதோ வருகிறான், கால் பின்ன, சுவரைப் பிடித்து, எதிரே வந்த நர்ஸ் முகத்தைச் சுளித்து ஒதுங்குகிறாள், அவனுக்கு நோய் என்று அவளிடம் சொல்ல மங்களம் வாயைத் திறந்தாள், அப்பா அவளையே பார்த்தார், நர்ஸ் கடந்து போய்விட்டாள், வாய் திறந்தபடியே இருந்தது.