இறுதிக்காலவியலில் தொண்ணூற்று நாலு

தேனி மாவட்டத்தில் சாவுக்குப் பயப்படாத மனிதன் ஒருவன்தான் இருக்கிறான், அவன் நான்தான் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். இது வாய்ச்சவடால் இல்லை. முத்திரை குத்திய சான்று இருக்கிறது. இறுதிக்காலவியல் தாளில் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலு. மரணம், அதற்குப் பின் ஆத்துமாவின் நிலை, உயிர்த்தெழுதல், நியாயத்தீர்ப்பு என்று அத்தனையும் எனக்குத் தண்ணி பட்ட பாடு. மீதி ஆறு மார்க்கும் மார்ஜின் விடாததற்காகக் குறைத்தது.

எங்கள் சீர்திருத்த இறையியல் கல்லூரி தேனிக்கு வெளியே ஒரு தென்னந்தோப்புக்குள் இருக்கிறது. மாணவர்கள் இருபத்திமூன்று பேர். எங்கள் சபைகளில் சிலை கிடையாது, மெழுகுவர்த்தி கிடையாது, ஜெபமாலை கிடையவே கிடையாது. பிரசங்கம் உண்டு. நீளமாக உண்டு.

போன வருஷம் பெங்களூரிலிருந்து அங்கீகாரம் தரும் குழு ஒன்று வந்தது. முதல்வர் பீட்டர்ராஜ் ஐயாவிடம் ஒரே கேள்விதான் கேட்டார்கள். உங்களிடம் படித்து வெளியே போகிற பையன் ஊழியத்துக்குத் தயார் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

"முகத்தப் பாத்தாத் தெரியும்" என்றார் ஐயா.

குழு அதைக் குறித்துக்கொள்ளவில்லை. எண்ணாகக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது.

ஐயா ஒரு மாதம் உட்கார்ந்து படிவம் தயாரித்தார். இறுதியாண்டு மாணவன் ஒவ்வொருவனும் ஒரு சபைக்கு ஆறு ஞாயிறு போகவேண்டும். ஆறாவது ஞாயிறு சபையார் ஐந்து பேரும், சபைக்கு வெளியே ஒருவரும் இருபது கேள்விகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மார்க் போடுவார்கள். குரல் கடைசி வரிசைக்குக் கேட்கிறதா, வீடு சந்திக்கிறாரா என்றெல்லாம் போய், இருபதாவது கேள்வி இப்படி இருக்கும்: உங்கள் வீட்டில் ஒருவர் சாகக் கிடந்தால் இவரைக் கூப்பிடுவீர்களா?

இதுபோக, கூடவே வருகிற சபை மூப்பர் ஒருவர் உபதேசத் தூய்மைக்குத் தனியாக மார்க் போடுவார். அதில் பூஜ்யம் வாங்கினால் மற்றதெல்லாம் ஐந்துக்கு ஐந்து என்றாலும் ஒரு வருஷம் காலி. மறுபடி ஜூனியர்களோடு பெஞ்சில் உட்காரவேண்டும்.

அப்படி முதலில் உட்கார்ந்தவன் என் அறைத்தோழன் சுந்தர்ராஜ். அவனை மார்க்கையன்கோட்டைக்கு அனுப்பினார்கள். அங்கே சாரத்திலிருந்து விழுந்த ஒரு கொத்தனார், கத்தோலிக்கர், இரண்டு கையிலும் மாவுக்கட்டோடு படுத்திருந்தார். என் கையால் ஜெபமாலை உருட்ட முடியவில்லை, நீ உருட்டு என்று கேட்டிருக்கிறார். இவனும் பக்கத்தில் உட்கார்ந்து மணியைத் தள்ளித் தள்ளி, அவர் சொல்லச் சொல்ல மரியன்னை ஜெபத்தைக் கூடவே சொல்லியிருக்கிறான். மூப்பர் வாசலில் நின்று பார்த்தார். பூஜ்யம்.

அறைத்தோழன் என்பதற்காக நான் எந்தச் சலுகையும் காட்டவில்லை. அவனுக்கு 'மாலை சுந்தர்' என்று பெயர் வைத்தேன். தினமும் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மெஸ்ஸில் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, புளியங்கொட்டை கோத்த நூலை உருட்டி, அவனுடைய மூக்குக் குரலிலேயே அந்த ஜெபத்தைச் சொல்லிக்காட்டுவேன். ஒரு சொல் பிசகினாலும் கலை கெட்டுவிடும் என்பதால் வீடியோ பார்த்து முழுவதையும் மனப்பாடம் செய்திருந்தேன். நாலு மாதம் அரங்கு நிறைந்து ஓடியது. சுந்தர்ராஜும் சிரிப்பான். ஒரே ஒருநாள் மட்டும் கேட்டான்.

"ஏலே அருணு, அந்தாளு கெடந்த எடத்துல நீ கெடந்தா என்னலே செய்வ?"

"எனக்குத்தான் பயம் கிடையாதே. தொண்ணூத்தி நாலுலே."

எனக்குக் கொடுத்தது மேகமலை. தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் கொட்டகைதான் ஞாயிற்றுக்கிழமை ஆலயம். ஆறாவது ஞாயிறு என்னோடு வந்தவர் மூப்பர் முத்துராஜா. மின்வாரியத்தில் முப்பது வருஷம் வீடுவீடாக மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவர். சின்னமனூரில் ஜீப் ஏறும்போதே சொல்லிவிட்டார்.

"தம்பி, நான் கண்ணால பாக்குறத எழுதுவேன். கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

எங்களை இறக்கிவிட்டு ஜீப் வேறு வேலையாகக் கீழே போய்விட்டது. மழை விட்டிருந்தது. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத மூடுபனி. பிரசங்கம் ஐம்பது நிமிஷம் நன்றாகவே போனது. படிவங்களைக் கொடுத்துவிட்டு, வெளியாள் படிவத்தோடு மதலேனாள் அக்கா வீட்டுக்குப் போனேன். தோட்டத் தொழிலாளர் லைன் வீடுகளில் கடைசி வீடு. ராயப்பன்பட்டிக் கத்தோலிக்கக் குடும்பம். ஐந்து வாரமாகப் பிரசங்கம் முடிந்ததும் எனக்குக் கட்டன் டீ போட்டுத் தருகிறவர்.

"முடிச்சிட்டீகளா தம்பி? நீங்க ஒரு தடவ ஆமென் சொல்றதுக்குள்ள நாங்க ஒரு மூட்டை கொழுந்து எடுத்துருவோம்."

படிவத்தை வாங்கி மகள் ஷெரினை வாசிக்கச் சொன்னார். ஷெரின் கீழே நர்சிங் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். இருபதாவது கேள்வி வந்ததும் அக்கா சிரித்துவிட்டார்.

"இதென்ன, சாவப் பத்திக் கேட்டிருக்கு? அதுக்கு எங்க சாமியார் இருக்காக. நீங்க சின்னப்புள்ள, பயந்துக்கிருவீக. அதுல ரெண்டு போடு ஷெரினு, பாவம்."

விறகு பொறுக்கிவந்து கட்டன் போடுகிறேன் என்று வீட்டுக்குப் பின்னால் இறங்கினார். ஐந்தில் இரண்டா என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது சரிவிலிருந்து அலறல் கேட்டது.

"மாடு குத்திருச்சு! மதலேனாளக் காட்டுமாடு குத்திருச்சு!"

நான் உடனே செயலில் இறங்கினேன். செல்போனை எடுத்துக்கொண்டு சிக்னல் கிடைக்கும் பாறைக்கு ஓடினேன். ஆம்புலன்சுக்குச் சொல்வதுதானே முதல் கடமை. நான் போய்ச் சேர்ந்தபோது அங்கே மூன்று பேர் சொல்லி முடித்துக் கீழே ஓடிக்கொண்டிருந்தார்கள். கீழே மூன்றாவது வளைவில் மரம் விழுந்து ரோடு அடைத்துக் கிடக்கிறதாம். ஜீப் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டதாம். ஆண்கள் எல்லோரும் ரம்பம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

நான் பாறையிலேயே நின்றேன்.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் அதுவரை சாவு வீட்டுக்குள் போனதே இல்லை. உத்தமபாளையத்தில் எங்கள் தெருவில் யாராவது தவறினால் எனக்குப் பக்கத்து ஊர் கம்பத்தில் அவசர வேலை வந்துவிடும். பனிக்குள் இருந்து அக்காவின் குரல் விட்டுவிட்டு வந்தது. வாயில் இரும்பைச் சப்பியதுபோல் ஒரு ருசி. காலில் ஓர் அட்டை ஏறுவது தெரிந்தது. பிடுங்காமல் விட்டேன். அதைப் பிடுங்கிவிட்டால் அப்புறம் அங்கே நிற்பதற்கு வேறு காரணம் தேடவேண்டும்.

மூப்பர் குடையோடு ஏறி வந்தார்.

"தம்பி, ஒங்களக் கூப்பிடுறாக."

"சிக்னல் பாத்துக்கிட்டு இருக்கேன்யா."

"எனக்கு நாலு கோடும் காட்டுது. வாங்க."

அக்காவைத் தரையில் பாயில் கிடத்தியிருந்தார்கள். ஷெரின் மண்டியிட்டு, மடித்த சேலையை அம்மாவின் விலாவுக்குக் கீழே இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தாள். சேலை என்ன நிறம் என்று சொல்லமுடியாத அளவுக்கு ஆகியிருந்தது. வாசலில் நின்ற பெண்கள் வெந்நீருக்கும் துணிக்கும் ஓடினார்கள்.

"அண்ணே, அம்மாட்டப் பேசிக்கிட்டே இருங்கண்ணே. கண்ண மூட விட்டுறாதீக. நான் கைய எடுத்தா ரத்தம் பீச்சிரும்."

பேசினேன். எனக்குத் தெரிந்ததைத்தானே பேசமுடியும்.

"மரணத்தை ஒரு விசுவாசி மூன்று விதமாகப் பார்க்கலாம். முதலாவதாக..."

"தம்பி, எனக்குப் பயமா இருக்கு."

"இரண்டாவதாக..."

"ரொம்பப் பயமா இருக்கு தம்பி."

மூன்றாவது வரவில்லை. பரீட்சைத்தாளில் அடிக்கோடு போட்டு எழுதிய மூன்றாவது. தொண்ணூற்று நாலு மார்க்கில் ஒரு மார்க்குகூட அந்த வாசற்படி தாண்டி உள்ளே வரவில்லை. வெளுத்துக்கொண்டு வந்த அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சாமியாருக்குச் சொல்லிட்டீகளா?"

"சொல்லியாச்சும்மா. கெளம்பிட்டாக" என்றாள் ஷெரின். ராயப்பன்பட்டியிலிருந்து மூன்று மணி நேரம். அது அம்மாவுக்கும் தெரியும்.

அக்காவின் கையில் நீல பிளாஸ்டிக் மணி கோத்த ஜெபமாலை இருந்தது. பெருவிரல் மணியைத் தேடி வழுக்கியது. மறுபடி தேடியது. மாலை நழுவித் தரையில் விழுந்தது.

"வெரலு மரத்துப்போச்சு. எந்த மணில விட்டேன்னு தெரியலயே. ஆத்தா, எங்கன விட்டேன்னு தெரியலயே!"

காயத்துக்குக்கூட அப்படி அலறவில்லை. இருட்டில் பிடித்துக்கொண்டு வந்த கயிறு கைவிட்டுப் போனவர்போல் அலறினார். ஷெரின் குனிந்து பார்த்தாள். அவளுடைய இரண்டு கையும் காயத்தின் மேல்.

"தம்பி, கொஞ்சம் தள்ளி விடுங்க. நான் சொல்றேன், நீங்க தள்ளுனாப் போதும்."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் மூப்பர், அட்டையில் மாட்டிய படிவம், பேனா.

"ஐயா, ஒங்க கை சும்மாதான இருக்கு?" என்றேன். இதை நான் சொன்னேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

"அவுக என்னையக் கூப்பிடல தம்பி."

"இதுக்கு எவ்வளவு மார்க்குன்னு தெரியும்லய்யா?"

"தெரியாம? அந்த சுந்தர்ராஜுப் பையனுக்குப் போட்டதே நான்தான்."

அவர் குரலில் மிரட்டல் இல்லை, ரீடிங் சொல்வதுபோல் சொன்னார். நான் மண்டியிட்டேன். அந்த நேரம் கால் அதற்குத்தான் லாயக்காக இருந்தது. மாலையை எடுத்து அக்காவின் விரலுக்கும் என் விரலுக்கும் நடுவில் பிடித்தேன். அவர் கை ஐஸாக இருந்தது.

"இங்கனயே ஆரம்பிங்கக்கா. இது முதல் மணி."

அவர் சொன்னார். நான் தள்ளினேன். ஒன்று. இரண்டு. மூச்சிரைப்பு கொஞ்சம் தணிந்தது. தூரத்தில் ரம்பச் சத்தம் கேட்டது. ஆறாவது மணியில் குரல் பாதியில் அறுந்தது. உதடு அசைகிறது, சத்தம் இல்லை. தனக்கே தன் சத்தம் கேட்கவில்லை என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை நான் அதற்கு முன் யார் கண்ணிலும் பார்த்ததில்லை. இனியும் பார்க்க வேண்டாம்.

"அண்ணே, ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள் ஷெரின். அவளுக்குப் பல் கிட்டிக்கொண்டு ஜெபம் வரவில்லை. "எதாவது சொல்லுங்கண்ணே..."

எனக்குத் தெரியும். முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை தெரியும். ஆனால் நாலு மாதமாக அதை ஒரே ஒரு குரலில் மட்டும்தான் சொல்லிப் பழகியிருந்தேன். வாயைத் திறந்தால் அந்த மூக்குக் குரல் வந்துவிடும், சாகக் கிடக்கிறவர் முன்னால் மெஸ்ஸில் ஆடிய கூத்தை ஆடிவிடுவேன் என்று பயந்தேன். மாட்டுக்கோ ரத்தத்துக்கோ அவ்வளவு பயப்படவில்லை.

அக்காவின் விரல் என் விரலை ஒருமுறை சுரண்டியது.

அவர் விட்ட இடத்திலிருந்து சொன்னேன். வந்தது சுந்தர்ராஜின் குரல் இல்லை. என்னுடையதும் இல்லை. யாரோ ஆறு வயதுப் பையனைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டு ஒப்பிக்கச் சொன்னதுபோல் நடுங்கி நடுங்கி வந்தது. இரண்டு இடத்தில் வார்த்தை முன்பின்னாகிப் போனது. அக்கா திருத்தவில்லை. உதடு மட்டும் என்னோடு அசைந்தது.

"நிறுத்தாதீக" என்றாள் ஷெரின்.

நிறுத்தவில்லை. எத்தனை சுற்று என்று தெரியவில்லை. ஹாரன் சத்தம் கேட்டது, கம்பளியோடு தூக்கினார்கள், ஜீப்பின் பின்பக்கத்தில் கிடத்தினார்கள். மாலை இரண்டு பேர் விரலிலும் சுற்றிக்கொண்டிருந்ததால் நானும் கூடவே ஏறவேண்டியதாயிற்று. கல் ரோட்டில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அக்காவின் முகம் சுருங்கியது. வெட்டிய மரத்துக்கு நடுவில் ஜீப் நுழைந்தபோது கிளை இரண்டு பக்கமும் கீறியது.

"மூச்சு இருக்கு" என்று ஷெரின் வளைவுக்கு வளைவு சொல்லிக்கொண்டு வந்தாள். யாருக்குச் சொன்னாள் என்று தெரியாது. என் பயம் ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அடுத்த குலுக்கலில் அந்த உதடு நின்றுவிடுமோ என்று பார்த்துக்கொண்டே சொன்னேன்.

முன்சீட்டில் மூப்பர் படிவத்தை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு திரும்பாமலே பேசினார்.

"தம்பி, நான் எழுதித்தான் ஆகணும்."

பேனா மூடியைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"ஒரு வருஷம் போயிரும் தம்பி. கேக்குதா?"

கேட்டது. பதில் சொன்னால் ஜெபம் பாதியில் நிற்கும். அக்காவின் விரலைச் சரியாகப் பிடித்துக்கொண்டு அடுத்த மணியைத் தள்ளினேன்.